மலைக்குளிருக்கு மின்சார அறை ஹீட்டர்: புதிதாகப் பயன்படுத்துவோருக்கான வழிகாட்டி

மழை ஓய்ந்து வானம் தெளிகிற நவம்பர் மாதத்தில் நீலகிரியில் நீர்ப்பனி இறங்கத் தொடங்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அது உறைபனியாக மாறும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில், காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான பகுதிகளின் புல்வெளிகள் அந்நாட்களில் விடியற்காலையில் வெள்ளை விரித்ததுபோல் கிடக்கும். பணிமாறுதலிலோ படிப்புக்காகவோ சமவெளியிலிருந்து முதன்முறையாக இங்கே குடிவருகிறவர்கள், இரண்டு கம்பளிக்குள் படுத்தும் தூக்கம் வராத சில இரவுகளுக்குப் பிறகு அறை ஹீட்டர் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். கொடைக்கானலிலும் இதே நிலைதான். வாழ்நாளில் அதுவரை தொட்டுப் பார்த்திராத ஒரு கருவியை, பெரும்பாலும் பழைய வாடகை வீட்டில், பழைய மின்கம்பிகளோடு இணைத்துப் பயன்படுத்தப் போகும் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். ஹீட்டர் வாங்கும்வரை சமாளிக்கலாம் என்று இரும்புச் சட்டியில் கரி போட்டுப் படுக்கையறைக்குள் கணப்பு மூட்டாதீர்கள். கரி கனலும்போது வெளியாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது. மயக்கத்தை ஆழமாக்கி உயிரை எடுத்துவிடும். ஜன்னலைச் சாத்திக் கரியடுப்போடு உறங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகள் மலை ஊர்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. சமையல் எரிவாயு அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவதும் ஆபத்தானதே. மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. கம்பியோ குழாயோ சூடாவது மட்டுமே நடக்கிறது. அதனால் அது ஆக்சிஜனைக் குடித்துவிடும் என்று பலர் சொல்வது உண்மையில்லை. அறைக்குள் ஆள்கள் இருப்பதால் காற்று மாறுவதற்குச் சிறிது வழி வேண்டும் என்பது வேறு செய்தி.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

ஹீட்டரால் ஏற்படும் விபத்துகளைப் பற்றி நினைக்கும்போது நம் கண் கருவியின் மீதே போகிறது. ஆனால் ஹீட்டரைப் பாதுகாப்பானதாகவோ ஆபத்தானதாகவோ ஆக்குவதில் பெரும்பங்கு அதைச் செருகும் சாக்கெட்டுக்கும், அந்தச் சாக்கெட்டுக்குப் பின்னால் சுவருக்குள் ஓடும் கம்பிக்கும் உண்டு. ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டுச் சுவிட்ச் போர்டைப் பார்த்துவிடுவது நல்லது.

நம் வீடுகளில் இரண்டு வகைச் சாக்கெட்டுகள் இருக்கின்றன. கைபேசி சார்ஜர், மேசை விளக்கு போன்றவற்றைச் செருகும் சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. கீசர் போன்ற அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்காகப் போடப்படும் பெரிய சாக்கெட் 16 ஆம்பியருக்கானது. இதைத்தான் எலெக்ட்ரீஷியன்கள் பவர் பாயின்ட் என்பார்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். சிறிய சாக்கெட்டின் எல்லை 6 ஆம்பியர், அதாவது சுமார் 1380 வாட். இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால், பெரிய பிளக்கைச் சிறிய சாக்கெட்டில் பொருத்துவதற்காகக் கடைகளில் கிடைக்கும் மாற்றுப் பிளக்கை ஏன் ஹீட்டருக்குப் பயன்படுத்தவே கூடாது என்பது விளங்கும். அந்தச் சிறு பொருள் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றுகிறது. சுவருக்குள் இருக்கும் மெல்லிய கம்பியின் தாங்குதிறனை அது மாற்றுவதில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதே விதிதான். பல துளைகள் கொண்ட பெட்டியில் தொலைக்காட்சி, சார்ஜர்களோடு ஹீட்டரையும் செருகி, நீண்ட ஒயரைக் கம்பளத்துக்கு அடியில் ஓடவிடுவது பல வீடுகளில் காணும் வழக்கம். ஒயரில் பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் கம்பளத்துக்குள்ளேயே தங்கி, மேலுறை இளகி, தீப்பற்றுவது வரை போகலாம். ஹீட்டரின் சொந்த ஒயர் எட்டுகிற இடத்தில் பவர் பாயின்ட் இல்லையென்றால், வீட்டு உரிமையாளரிடம் சொல்லிப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவு ஹீட்டரின் விலையில் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும்.

தகரக் கூரையும் மரத்தளமும் கொண்ட பழைய பங்களாக்களிலும், அவற்றைப் பிரித்து வாடகைக்கு விட்ட பகுதிகளிலும் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பார்வைக்குப் புதிய 16 ஆம்பியர் சாக்கெட் இருக்கும். அதன் பின்னால் பழைய மெல்லிய கம்பியே இருக்கக்கூடும். எலெக்ட்ரீஷியனை ஒருமுறை வரவழைத்து நான்கு விஷயங்களைக் கேளுங்கள். பவர் பாயின்ட்டுக்கு வரும் செம்புக் கம்பி 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் தடிமன் கொண்டதா? அந்த லைனுக்கு, மின்னோட்டம் மிகுந்தால் தானே விழுந்து துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் தனியாக உண்டா? கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா? மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தப்பட்டிருக்கிறதா? கீசரும் அறையின் பவர் பாயின்ட்டும் ஒரே லைனில் இருந்தால் அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2000 வாட் கீசரும் 2000 வாட் ஹீட்டரும் சேர்ந்து 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். குளிர்கால விடியலில் இரண்டையும் ஒரே நேரத்தில் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒன்று அணைந்த பிறகே மற்றொன்று என்று வீட்டில் அனைவரும் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த வகை, எவ்வளவு வாட்

கடையில் மூன்று வகைகளைக் காட்டுவார்கள். குவார்ட்ஸ் அல்லது ஹாலோஜன் குழாய்கள் செந்நிறமாகக் கனலும் ராட் ஹீட்டர் முதல் வகை. 400, 800 வாட் அளவுகளில் கிடைக்கும் இது எதிரே இருப்பவரின் உடலை உடனே சூடாக்கும். அறையின் காற்றைப் பெரிதாகச் சூடாக்காது. மேசையில் தனியாக உட்கார்ந்து படிக்கும் மாணவருக்கும், ஒரே இடத்தில் அமர்ந்து வேலை செய்பவருக்கும் இதுவே போதும், செலவும் குறைவு. இரண்டாவது வகையான ஃபேன் ஹீட்டர் சூடான கம்பிச்சுருளின் வழியாகக் காற்றை ஊதுவது. 1000, 2000 வாட் என்று இரு நிலைகள் இருக்கும். சிறிய அறையைச் சில நிமிடங்களில் கதகதப்பாக்கிவிடும். ஆனால் சத்தம் உண்டு, அணைத்தவுடன் குளிர் திரும்பிவிடும். மூன்றாவது ஆயில் ஹீட்டர். மடிப்பு மடிப்பான உலோகத் தகடுகளுக்குள் எண்ணெய் அடைக்கப்பட்டிருக்கும். 9, 11, 13 என்று தகடுகளின் எண்ணிக்கையைச் சொல்லி விற்பார்கள். சூடாக அரை மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். சத்தமோ வெளிச்சமோ கிடையாது. அணைத்த பிறகும் நெடுநேரம் வெப்பம் தங்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதும் இல்லை, தீர்வதும் இல்லை; அதை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை.

விலை உயர்ந்த ஹீட்டர் குறைந்த மின்சாரத்தில் அதிக வெப்பம் தரும் என்று விற்பனையாளர் சொன்னால் ஏற்க வேண்டாம். ஒரு யூனிட் மின்சாரத்திலிருந்து மூன்று வகைகளும் ஒரே அளவு வெப்பத்தைத்தான் தருகின்றன. அந்த வெப்பம் ஆளின் மீது விழுகிறதா, காற்றில் பரவுகிறதா, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதில் மட்டுமே வேறுபாடு. என்னைக் கேட்டால், குழந்தைகளோ முதியவர்களோ உறங்கும் அறைக்கு ஆயில் ஹீட்டரையே சொல்வேன். கனலும் பகுதி வெளியே தெரியாததும், தகடுகளின் மேற்பரப்பு செங்கனலின் அளவுக்குச் சூடாகாததும் அதன் பெரிய நன்மைகள்.

வாட் அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 10 வாட். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 1200 வாட் போதுமானது. கூரை தகரமாகவோ உயரமாகவோ இருந்தால் அதைவிடக் கூடுதலாக வேண்டும். எந்த வகையாக இருந்தாலும் ஐஎஸ்ஐ முத்திரை, சாய்ந்தால் தானே அணையும் வசதி, அதிகச் சூட்டில் துண்டிக்கும் பாதுகாப்பு, மூன்று முனைப் பிளக் ஆகிய நான்கும் இல்லாததை வாங்காதீர்கள்.

முதல் நாள்

ஆயில் ஹீட்டராக இருந்தால், சக்கரங்களை அடியில் பொருத்தி நிமிர்த்திய பிறகு உடனே போடாமல் ஒரு மணி நேரமாவது நிற்கவிடுங்கள். பயணத்தில் படுக்கையாகக் கிடந்திருந்தால், எண்ணெய் கீழே இறங்கி வெப்பக்கம்பியை மூழ்கடிக்க அந்த நேரம் தேவை. பிறகு ஜன்னலைத் திறந்துவைத்து, முழு அளவில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். புதிய பூச்சும் தூசியும் சூடாவதால் முதல்முறை ஒரு வாடை வரும். அது விரைவில் போய்விடும். உலோகம் விரிவதால் டிக் டிக் என்று கேட்கும் ஒலியும் இயல்பானதே. பிளாஸ்டிக் கருகும் நெடி வந்தால் அது இயல்பானதன்று; உடனே அணைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்லுங்கள்.

அதே இருபதாவது நிமிடத்தில் இன்னொரு சோதனையையும் செய்துவிடுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கின் உடலையும் சாக்கெட்டின் முகப்பையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் கவலையில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு இருந்தாலோ, சாக்கெட்டின் துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறியிருந்தாலோ, உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். தளர்ந்த பிடிப்பில் மின்னோட்டம் பாயும்போது அங்கேதான் அதிகச் சூடு பிறக்கிறது. சாக்கெட்டை மாற்றும்வரை ஹீட்டரைப் போடக் கூடாது. குளிர்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை இப்படித் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஹீட்டர் தொடர்பான எல்லா முன்னெச்சரிக்கைகளிலும் இதற்கே நான் முதலிடம் தருவேன்.

அன்றாடம் இயக்கும் முறை

ஹீட்டரைச் சமமான, கெட்டியான தரையில் வையுங்கள். கட்டில், ஸ்டூல், மடித்த ஜமுக்காளம் ஆகியவற்றின் மேல் வேண்டாம். திரைச்சீலை, போர்வை, சோபா, புத்தக அடுக்கு எல்லாம் அதிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும். ஃபேன் ஹீட்டரின் பின்புறம் காற்றை உறிஞ்சும் பக்கம் என்பதால் அதைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. எந்த ஹீட்டரையும் சாக்கெட்டுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். மேலெழும் வெப்பம் பிளக்கைச் சுட்டுக்கொண்டே இருக்கும். ராட் ஹீட்டர் ஆளை நோக்கி இருக்க வேண்டும். ஆயில் ஹீட்டருக்கு ஏற்ற இடம் ஜன்னலை ஒட்டிய, திரையில்லாத பகுதி. அங்கிருந்து இறங்கும் குளிர்காற்றை அது வழியிலேயே சூடாக்கிவிடும்.

போடுவதற்கு முன் ஐந்து நிமிடத்தை அறைக்காகச் செலவிடுங்கள். பழைய ஜன்னல் சட்டங்களின் இடுக்கு, கதவின் அடிப்பகுதி, மரத்தளத்தின் பிளவு ஆகியவற்றின் வழியாக நுழையும் காற்றை ஒரு சுருட்டிய துணி நன்றாகக் குறைத்துவிடும். வெயில் இருக்கும்போதே, மாலை நான்கு மணிவாக்கில் ஜன்னல்களைச் சாத்திவிட்டால், பகலில் சுவர்கள் வாங்கிய சூடு வீணாகாது. உயரத்தில் ஒரு சிறு காற்றுவழியை மட்டும் திறந்துவையுங்கள்.

இனி இயக்கம். கருவியின் திருகு அணைந்த நிலையில் இருப்பதைப் பார்த்து, பிளக்கை முழுவதும் உள்ளே அழுத்திச் செருகி, அதன் பிறகே சுவர் சுவிட்சைப் போடுங்கள். வாட் அளவைக் குறிக்கும் திருகை உயர்ந்த நிலைக்கும், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திருகைக் கடைசி வரைக்கும் கொண்டுசெல்லுங்கள். அறை உங்களுக்குப் போதுமான கதகதப்பை அடைந்ததும், தெர்மோஸ்டாட்டை மெதுவாகப் பின்னோக்கித் திருப்பி, ‘கிளிக்’ என்ற ஒலி கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த வெப்பநிலையில் ஹீட்டர் தானே அணைந்து, அறை குளிர்ந்ததும் தானே மீண்டும் இயங்கும். இந்தத் திருகு வேகத்தைக் கூட்டும் திருகு அன்று. கடைசி வரை திருப்பி வைப்பதால் அறை விரைவாகச் சூடாவதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று கருவிக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே. ஆயில் ஹீட்டரில் சூடு பரவ நேரம் எடுக்கும் என்பதால், ‘கிளிக்’ நிலையைக் கண்டறியப் பொறுமை வேண்டும்.

மாலை நேரங்களில் மின்னழுத்தம் குறைந்தால் ஹீட்டரும் மந்தமாகும். 230 வோல்ட் 200 ஆக இறங்கினால், 2000 வாட் ஹீட்டர் சுமார் 1500 வாட் அளவுக்கே சூடு தரும். கருவி பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். மின்சாரம் நின்றுபோனால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். நள்ளிரவிலோ நீங்கள் வெளியே போன நேரத்திலோ மின்சாரம் திரும்பும்போது, யாரும் பார்க்காத அறையில் ஹீட்டர் தானே எரியத் தொடங்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஹீட்டரை இணைக்கவே கூடாது.

அணைக்கும்போது ஃபேன் ஹீட்டரை முதலில் காற்று மட்டும் வரும் நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டு நிமிடம் உள்சூடு வெளியேறிய பிறகு நிறுத்துங்கள். பிறகு சுவர் சுவிட்ச், கடைசியில் பிளக். ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள்.

உறக்கமும் உடலும்

உறங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அறையையும் படுக்கையையும் சூடாக்கிவிட்டு, படுத்ததும் ஹீட்டரை அணைத்துவிடுவதே நல்ல பழக்கம். ராட் ஹீட்டரையும் ஃபேன் ஹீட்டரையும் இரவெல்லாம் எரியவிட்டுத் தூங்கக் கூடாது. நழுவி விழும் ஒரு போர்வை போதும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரவு முழுவதும் வெப்பம் தேவைப்பட்டால், டைமர் உள்ள ஆயில் ஹீட்டரைக் குறைந்த நிலையில், தொட்டிலிலிருந்து எட்ட வைத்துப் பயன்படுத்தலாம். அப்போதும் குழந்தையின் கழுத்தின் பின்புறம் வியர்க்கிறதா என்று பாருங்கள். மிகைச் சூடு குழந்தைக்கு நல்லதன்று.

நீரிழிவு நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஹீட்டரின் அருகே காலை நீட்டி உட்காரக் கூடாது. சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். உணர்வு நன்றாக இருப்பவர்களுக்கும், நாள்தோறும் ராட் ஹீட்டரை ஒட்டி அமர்ந்தால், முழங்காலுக்குக் கீழே வலைபோன்ற செம்பழுப்புக் கறை படியலாம். அதைக் கண்டால் தூரத்தைக் கூட்டுங்கள். சூடான காற்றில் ஈரப்பதத்தின் விகிதம் குறைவதால் மூக்கும் உதடும் உலரும். தண்ணீர் குடிப்பதும், அறையை அளவுக்கு மீறிச் சூடாக்காமல் இருப்பதும் இதற்குப் போதும். தண்ணீர்ப் பாத்திரம் வைப்பதானால் ஹீட்டரின் மேலோ அருகிலோ வேண்டாம். குளியலறைக்குள் ஹீட்டரை எடுத்துச் செல்லவே கூடாது.

துணி உலர்த்துவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் நாள்கணக்கில் வெயிலே வராத தென்மேற்குப் பருவமழையில், பள்ளிச் சீருடையை மறுநாளுக்குள் உலர்த்த வேண்டிய நெருக்கடி இங்கே எந்த வீட்டிலும் வரும். அதற்காக ஆயில் ஹீட்டரின் தகடுகள் மேல் துணியைப் போடுகிறார்கள். துணி மூடியதும் வெப்பம் வெளியேற முடியாமல் உள்ளே ஏறுகிறது. சொட்டும் நீர் சுவிட்ச் பகுதிக்குள் இறங்குகிறது. ஒரு கொடியை மூன்றடிக்கு அப்பால் கட்டி, ஜன்னலைச் சிறிது திறந்துவைத்து, நீங்கள் அறையில் இருக்கும்போது மட்டும் உலர்த்துங்கள். தாமதமாகத்தான் காயும், அதில் தவறில்லை.

மின்கட்டணம்

தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, பயன்பாடு கூடக்கூட விகிதமும் கூடும் முறையில் கட்டணம் விதிக்கிறார்கள். 800 வாட் ராட் ஹீட்டர் நாளுக்கு மூன்று மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட், அறுபது நாளுக்கு 144 யூனிட். 2000 வாட் ஹீட்டர் இடைவிடாமல் நாளுக்கு நான்கு மணி நேரம் எரிந்தால் 8 யூனிட். அறுபது நாளுக்கு 480 யூனிட். வழக்கமான பயன்பாட்டோடு இது சேரும்போது, மொத்தம் 500 யூனிட் என்ற எல்லையைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் உயர்ந்த விகிதம் வந்துவிடும். தெர்மோஸ்டாட்டைச் சரியாக நிறுத்தி, இடுக்குகளை அடைத்த அறையில் ஹீட்டர் கணிசமான நேரம் தானே அணைந்திருக்கும். வீட்டு மீட்டரின் எண்ணை வாரம் ஒருமுறை குறித்துவைத்தால் எல்லையை முன்கூட்டியே காணலாம்.

பழுதும் பராமரிப்பும்

ஓடிக்கொண்டிருந்த ஹீட்டர் திடீரென நின்றால், பாதுகாப்புத் துண்டிப்பு வேலை செய்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி, கால் மணி நேரம் ஆறவிட்டு, காற்றுப் பாதையை எதுவும் அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு மீண்டும் போடுங்கள். மறுபடியும் நின்றால் எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். அடிக்கடி நிற்கிறது என்பதற்காக அந்தத் துண்டிப்பை நீக்கி நேரடியாக இணைத்துத் தரச் சொல்லாதீர்கள். எம்சிபி விழுந்தாலும் அப்படித்தான். பெரிய எம்சிபியாக மாற்றுவது தீர்வன்று, கம்பியைப் பார்க்க வேண்டும். ஹீட்டரின் உடலைத் தொட்டால் ஷாக் அடித்தாலோ, ஆயில் ஹீட்டரில் எண்ணெய் கசிந்தாலோ, அந்தக் கருவியைப் பயன்படுத்துவதை அத்தோடு நிறுத்துங்கள். புகை வந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியேறி, 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். மின்சாரம் துண்டிக்கப்படாத கருவியின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மாதம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றிய நிலையில், உலர்ந்த துணியாலும் மென்மையான தூரிகையாலும் தூசியைத் துடையுங்கள். மார்ச் மாதத்தில் குளிர் விட்டதும் ஒயரை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக மடித்து, ஈரம் ஏறாத இடத்தில் மூடி வையுங்கள். ஆயில் ஹீட்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுத்த நவம்பரில் வெளியே எடுக்கும்போது, எலி கடித்த தடம் இருக்கிறதா என்று ஒயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பார்த்து, முதல் நாள் செய்த இருபது நிமிடச் சோதனையைத் திறந்த ஜன்னலோடு மீண்டும் ஒருமுறை செய்துவிட்டுப் பயன்படுத்தத் தொடங்குங்கள்.